அணைக்குக் கீழே நாலரை ஏக்கர்: விற்பதா, மகளுக்கு விடுவதா?

தோட்டத்துக்காரன் | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நாலரை ஏக்கர், ஒரு கிணறு, ஒரு போர். அப்பாரு காலத்தில் மஞ்சளும் புகையிலையும் விளைந்த மண். 1992-ல் அணை திறந்தபோது எனக்கு எட்டு வயது. இனிமேல் தண்ணிக் கவலை இல்லை என்று ஊரே பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. நாலைந்து வருஷத்திலேயே அங்கே நின்றது தண்ணீராக இல்லை, திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவாக இருந்தது. தேக்கினால் அடியில் இறங்கி எங்கள் கிணறு கெடும். திறந்துவிட்டால் கீழே கரூர்க்காரர்கள் பயிர் கெடும். அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று விவசாயிகளே கேட்ட ஊர் எங்களுடையது.

கிணறு ஒரே நாளில் கெடவில்லை. முதலில் தென்னையில் குரும்பை கொட்டியது. பூச்சி என்று நினைத்து மருந்து வைத்தோம். அப்புறம் மஞ்சள் இலை நுனி கருகியது. ஒரு நாள் எருமை தொட்டியில் மூக்கை வைத்துவிட்டு, குடிக்காமல் எங்களைத் திரும்பிப் பார்த்தது. வீட்டில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாமல் கல் மாதிரி கிடக்கும். அடுப்பு சரியில்லை என்று அம்மாவைத்தான் அப்பா திட்டினார்.

பண்ணையம் படுத்ததும் அப்பா திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லருக்கு விறகு போடும் வேலைக்குப் போனார். எங்கள் கிணற்றைக் கெடுத்ததும் சாயம், எனக்கு ஃபீஸ் கட்டியதும் சாயம். நானும் இன்றைக்கு ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்.

இப்போது விஷயம். அப்பாவுக்கு 74 வயது, தோட்டத்தை விற்றுவிடச் சொல்கிறார். கோயமுத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதி வந்து பார்த்தார்கள். ஐப்பசி மழை முடிந்த சமயம், எங்கே பார்த்தாலும் பச்சை. அந்த அம்மாவுக்கு இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் ஓடியாடி விளையாடலாம், நாலு பழமரம் வைக்கலாம் என்றார். புரோக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தண்ணியப் பத்தி அவங்களாக் கேட்டா மட்டும் சொல்லுங்க" என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். "கெடுத்தது நானா? கெடுத்தவன் ஒருத்தனும் எனக்கு விலை கொடுக்கல. நான் மட்டும் ஏன் விலையக் குறைக்கணும்?" என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

போன மாதம் என் மகளைக் கூட்டிப் போயிருந்தேன், ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போர் குழாயில் வாய் வைத்தவள் அப்படியே துப்பிவிட்டாள். அவள் வயதில் நான் அதே கிணற்று மேட்டில் கவிழ்ந்து படுத்து, வாய்க்காலில் வாய் வைத்துக் குடித்திருக்கிறேன்.

வாங்குகிறவர்களிடம் சொல்ல வேண்டுமா? விற்காமல் வைத்திருந்தால் அந்த மண்ணை மீட்க ஏதாவது வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

காங்கேயம்_காளை | ஞாயிறு, இரவு 10:05

வித்துட்டு நிம்மதியா இருங்க மாப்ள. கோயமுத்தூர்க்காரங்களுக்கு விவரம் தெரியாதா என்ன? கூகுளில் ஊர்ப் பேரை அடித்தாலே நுரை பொங்குற போட்டோதான் வரும். பார்க்காமல் வந்தது அவங்க தப்பு.

---

தேங்காய்ப்பால் | ஞாயிறு, இரவு 10:31

எல்லாத்துக்கும் காரணம் நம்ம பேராசை. அடுத்த தலைமுறைக்காக ஆளுக்கு ஒரு மரம் நடுவோம். ஸ்ட்ராவும் பிளாஸ்டிக் கப்பும் வேண்டாம் என்று சொல்வோம். 🙏

---

காங்கேயம்_காளை | ஞாயிறு, இரவு 10:34

அம்மணி, அவர் தோட்டத்தில் மரம் நட்டால்தான் செத்துப் போகுதுன்னு சொல்லிட்டு இருக்கார்.

---

வாங்கி_மாட்டினவள் | திங்கள், காலை 6:50

// பார்க்காமல் வந்தது அவங்க தப்பு //

ராத்திரி படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் அந்தப் பக்கத்தில் நின்றவள், அதனால் எழுதுகிறேன்.

எங்கப்பா ரிட்டையர்மென்ட் பணத்தில் 2014-ல் இரண்டு ஏக்கர் வாங்கினார். எந்த ஊர் என்று வேண்டாம், நொய்யல் பக்கம்தான். பார்க்கப் போன அன்றைக்கு விற்றவர் வீட்டில் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அந்த இளநீர் சந்தையில் வாங்கியது என்று ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அப்பா நாற்பது மாங்கன்று வைத்தார், ஒட்டுக்கன்று, பெரியகுளத்திலிருந்து சொல்லி வரவழைத்தது. இலை ஓரம் தீய்ந்து ஒவ்வொன்றாகப் போயிற்று. பராமரிப்பு போதவில்லை என்று தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டார். அவர் ஊற்ற ஊற்றத்தான் கன்று செத்தது. தண்ணீரை டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நகரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர், அவ்வளவுதான்.

விற்றவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை, அவரும் பாவம்தான். ஆனால் அந்த இளநீரை மறக்க முடியவில்லை.

---

தோட்டத்துக்காரன் | திங்கள், காலை 8:15

அக்கா, இதற்கு நான் என்ன சொல்வது. நன்றி.

---

சாயத்தண்ணி | திங்கள், மதியம் 1:20

நான் சாயத்தொழிலில் இருபத்திரண்டு வருஷம், இப்போது ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கிறேன். என்ன நடந்தது என்று தெரியாமலே நிறையப் பேர் திட்டுகிறார்கள். தெரிந்துகொண்டு திட்டினால் நல்லது.

எல்லோரும் கலரைப் பார்த்தார்கள், கெடுத்தது உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். சாயத்தைத் தண்ணீரிலிருந்து விரட்டித் துணிக்குள் தள்ளுவது அதுதான். நூறு கிலோ துணியைக் கருநீலமாக்க ஐம்பது கிலோ மூட்டை ஒன்று சர்வசாதாரணமாகப் போகும். பழைய விஞ்ச் மிஷினில் தண்ணீர் கூட, அதனால் உப்பும் கூட. சாயமாவது துணியில் ஒட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போய்விடும். உப்பு ஒரு கிராம்கூடத் துணியோடு போகாது. அலசலில் முழுசாக வெளியே வரும். நீங்கள் போட்டிருக்கும் டீ-ஷர்ட்டின் உப்பு நொய்யலிலேயே தங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் வந்த சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போடுவோம். கலர் கீழே படிந்து மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து வரும். பார்க்க வருகிற அதிகாரிக்கு அதைத்தான் டம்ளரில் பிடித்துக் காட்டுவார்கள். அந்த டம்ளரில் உப்பு அப்படியேதான் இருக்கும். நானும் பிடித்துக் காட்டியிருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும். ஆர்.ஓ. கழித்துவிடுகிற கெட்டி உப்புத் தண்ணீரைக் காய்ச்ச ஆவியாக்கி வேண்டும். அதற்குக் கரண்டும் விறகும் தீனி போட்டு மாளாது. 2006 டிசம்பரில் ஹைகோர்ட் கெடு வைத்து, வெளியே விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் கட்டச் சொன்னது. 2009 அக்டோபரில் முதலாளிகளின் அப்பீலுக்கு சுப்ரீம் கோர்ட்டும் கையை விரித்தது. ஆனாலும் பாதி முதலாளிகள் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றே இருந்தார்கள். 2011 ஜனவரி 28-ல் எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டார்கள். ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறியது அதற்கப்புறம்தான்.

இன்றைக்குத் தண்ணீரில் பெரும்பங்கை மறுபடி எடுத்துச் சாயத்துக்கே போடுகிறோம், உப்பிலும் ஒரு பகுதி திரும்பி வருகிறது. இவ்வளவையும் அப்போதே செய்திருக்கலாம். செய்தால் துணி கிலோவுக்கு இத்தனை ரூபாய் ஏறும், ஆர்டர் போய்விடும் என்றார்கள். ஏறாத அந்த ரூபாயைத்தான் உங்கள் கிணற்றிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

---

பஞ்சுமூட்டை | திங்கள், மாலை 7:02

சாயத்தண்ணி அண்ணன் 2011-ஐ ஒரே வரியில் தாண்டிவிட்டார். நான் தாண்ட முடியாது.

அப்போது எனக்கு 29 வயது, சாயம் ஏற்றும் சாப்ட்ஃப்ளோ மிஷின் ஆபரேட்டர். கோர்ட் உத்தரவு வந்து சில நாளில் ஈ.பி.க்காரர்கள் வந்து ஃபியூஸைப் பிடுங்கினார்கள். மெஷினுக்குள் பாதிச் சாயத்தில் துணி நின்றது. ஒரு வாரத்தில் திறந்துவிடும் என்றார் மேனேஜர். சித்திரை வந்தது, ஆடி வந்தது. சொந்த ஊர் தேனிப் பக்கம், அங்கே போய் என்ன செய்வது? பெரியவனை இங்கிலீஷ் மீடியத்திலிருந்து நிறுத்தினேன். அவனுக்கு அப்போது ஆறு வயது. யூனிபார்மை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பான், வேன் வரும் என்று.

அப்புறம் வேறொரு மாவட்டத்தில், ராத்திரியில் மட்டும் ஓடுகிற ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. போர்டு கிடையாது, பேர் கிடையாது. கழிவு எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. விடியற்காலையில் பின்பக்க ஓடையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன்.

அடுத்த தலைமுறை என்று எல்லோரும் பேசுகிறீர்கள், சரி. என் பையனும் ஒரு தலைமுறைதானே? தோட்டத்துக்காரரின் மகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கோர்ட் சொன்ன நாளில், என் மகனுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று யாராவது யோசித்தார்களா? மூடினது தப்பு என்று சொல்லவில்லை. பதினைந்து வருஷம் லாபம் பார்த்தவன் ஒருத்தன், சம்பளம் நின்றது எனக்கு.

---

காங்கேயம்_காளை | திங்கள், மாலை 7:40

இதற்கு மறுபேச்சு இல்லை அண்ணா.

---

தோட்டத்துக்காரன் | திங்கள், இரவு 9:12

பஞ்சுமூட்டை அண்ணா, எங்கப்பாவுக்கும் அதே 2011-ல்தான் வேலை போனது. கிணறு போன இடத்திலும் அவர், வேலை போன இடத்திலும் அவர். வீட்டில் அதை யாரும் பேச மாட்டோம்.

இழப்பீடு வந்ததா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். வந்தது. சுற்றுச்சூழல் இழப்பை மதிப்பிட அமைத்த ஆணையம் கணக்குப் போட்டு, நொய்யல் கரையில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு மொத்தம் 25 கோடி அளவில் கொடுக்கச் சொன்னது. நீங்களே வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரம்கூட வராது. நிலத்துக்குத் தகுந்த மாதிரி ஏறி இறங்கும், எங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வந்தது. அப்பா அந்தச் செக்கை நாலு நாள் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அப்புறம் தங்கச்சியின் நர்சிங் படிப்புக்குக் கட்டினோம்.

இத்தனை வருஷம் கழித்து ஒன்று தோன்றுகிறது. எங்கள் கைக்கு வந்தது, அந்தச் சில வருஷங்களில் விளையாமல் போன பயிருக்கான காசு. கிணற்றுக்கான காசு இல்லை. என் மகள் துப்பின அந்த ஒரு வாய்த் தண்ணீருக்கு யாரும் கணக்குப் போடவில்லை. அவள் அப்போது பிறக்கவே இல்லை, மனு கொடுக்க முடியுமா?

---

கடைசி_பெஞ்ச்_வக்கீல் | செவ்வாய், காலை 11:25

சட்டம் படித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் கறுப்புக் கோட்டு மாட்டவில்லை. இதை யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55: விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை ஏதாவது சொத்தில் இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். மழைக்காலப் பச்சைக்குக் கீழே இருக்கிற உப்பு அந்த வகையில் வராது என்று வாதாடுவது கஷ்டம். "அவங்களாக் கேட்டா மட்டும்" என்பது புரோக்கர் சட்டம்.

// மனு கொடுக்க முடியுமா? //

பிலிப்பைன்ஸில் கொடுத்தார்கள். காட்டை வெட்டக் கொடுத்த உரிமங்களை ரத்து செய்யச் சொல்லி, சிறுவர் சிறுமியர் சிலர் பெற்றோர் மூலம் வழக்குப் போட்டார்கள். தங்களுக்காக மட்டுமல்ல, இனிப் பிறக்கப் போகிறவர்களுக்காகவும் என்று மனுவிலேயே எழுதியிருந்தார்கள். அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1993-ல் அதை ஏற்றுக்கொண்டது. வழக்குப் போடலாம் என்பதைத்தான் ஏற்றது, காடு தானாகத் திரும்பி வந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கெடுத்தவர் செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலை வழக்கில்தான். 1996 ஆகஸ்ட் 28.

---

பாலாற்றங்கரை | செவ்வாய், இரவு 8:48

தம்பி வேலூர் வழக்கை எடுத்ததால் வருகிறேன், நான் வாணியம்பாடிப் பக்கம்.

அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் பரீட்சைக்குப் படிக்கிறீர்கள். அதன் கரையில் நாங்கள் குடியிருக்கிறோம். ஒவ்வொரு தோல் பட்டறைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு நிலையம், இழப்பீடு, ஆணையம் எல்லாம் அதில் இருக்கிறது. நொய்யலுக்குக் கணக்குப் போட்டதாகத் தோட்டத்துக்காரர் சொல்கிற ஆணையமே அந்தத் தீர்ப்பில் பிறந்ததுதான். அதே பாலாறு, அதே தோல் கழிவு பற்றி 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுதியது. இழப்பீடு கொடு, கெடுத்தவனிடம் வசூல் பண்ணு, ஒரு குழு போட்டுக் கண்காணி என்று.

முதல் தீர்ப்பு வந்த வருஷம் எங்கள் தெருவில் பிறந்த பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கேன் தண்ணீர் வாங்கித்தான் வளர்க்கிறாள். இந்த ஊர்த் தண்ணீருக்கு ஒரு ருசி இருந்தது என்பது அவளுக்குக் கேள்வி ஞானம்தான்.

இதையும் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் தோல்தான் சோறு போட்டது. பாலாற்றில் தண்ணீர் வராததற்குத் தோல் மட்டும் காரணமும் இல்லை. மணலை அள்ளினவர்கள் எங்கள் ஆட்களே. லாரி வாடகை நல்ல காசு. ஆழமாக அள்ளினார்கள், ஊற்றுக்கண் அடைந்தது. கேட்டால் என் பிள்ளைகளுக்காகத்தான் சம்பாதிக்கிறேன் என்பார்கள்.

---

தேங்காய்ப்பால் | செவ்வாய், இரவு 9:15

நான் ஸ்ட்ரா பற்றி எழுதியதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

---

மரத்தடி | புதன், காலை 5:40

வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில், தம்பி, "தண்ணி உப்பு" என்றால் போதாது. எவ்வளவு உப்பு, என்ன உப்பு? மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரையும் மண்ணையும் கொடுங்கள், கட்டணம் பெரிதாக வராது. கிணறும் போரும் தனித்தனி பாட்டில். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள். சித்திரையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை. ஒரே சாம்பிளை நம்பி முடிவெடுத்தவர்கள் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

மொத்த உப்பைவிடச் சோடியம்தான் மண்ணுக்கு எமன். களிமண் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சிறு உருண்டைகளாக இருந்தால்தான் நடுவில் காற்றும் தண்ணீரும் போகும். சோடியம் ஏறினால் அந்த உருண்டைகள் கரைந்து சேறாகி, காய்ந்தால் சிமென்ட் தளம் மாதிரி இறுகிவிடும். மழை பெய்தாலும் மேலேயே நின்று ஆவியாகிப் போகும். ஜிப்சம் போட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளிவிட்ட சோடியத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, அடியில் வடிய வைக்க வேண்டும். கடைக்காரர் சொல்லாமல் விடுவது இதைத்தான். மூட்டை மூட்டையாக ஜிப்சம் வாங்கிப் போட்டுவிட்டு, அதே உப்புத் தண்ணீரைப் பாய்ச்சினால் காசுக்குக் கேடு.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். மேலே இருந்து வருவதுதான். உங்கள் பக்கம் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் பக்கம் பெய்யும். ஒரு ஏக்கரில் பத்து மில்லிமீட்டர் விழுந்தாலே நாற்பதாயிரம் லிட்டர். வரப்பை உயர்த்தி அதை ஓடவிடாமல் நிறுத்துங்கள். சரிவில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள். முதல் மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். உப்பையும் தாங்கும், மண்ணையும் பொலபொலப்பாக்கும். அதற்கப்புறம் ஜிப்சம். உங்கள் மண் செம்மண் சாடையாக இருந்தால் நாலைந்து நல்ல மழைக்காலத்தில் வித்தியாசம் தெரியும். கரிசலாக இருந்தால் பத்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணை மீட்கலாம். அடியிலிருக்கும் தண்ணீரைப் பற்றி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று, எல்லா நிலத்தையும் பாசன நிலமாகவே நினைக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கிணறே இல்லாமல் ஒரு பண்ணையம் பண்ணினார்களே, கொறங்காடு. கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மழையில் முளைக்கும், மாடும் ஆடும் மேயும், பட்டி மாற்றி மாற்றி அடைத்தால் புல் திரும்பத் தழையும். காங்கேயம் மாடே அதில் வளர்ந்த மாடுதான். போர்த் தண்ணீர் என்ன உப்பாக இருந்தாலும் பயிருக்கு ஒன்றுமில்லை, மாடு குடிக்க மட்டும் மழைத்தண்ணீர் சேர்த்தால் போதும்.

---

காங்கேயம்_காளை | புதன், காலை 7:10

ஐயா, கொறங்காட்டை அழித்துச் சைட் போட்ட ஊரில் இருந்து ஒரு கும்பிடு. எங்க அப்பாருக்கு எட்டு ஏக்கர் கொறங்காடு இருந்தது. "சும்மா கிடக்குற காடு"ன்னு வித்தோம்.

---

சாயத்தண்ணி | புதன், மதியம் 2:05

என் பக்கத்தில் இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. உப்பை இப்போது ஆற்றில் விடுவதில்லை என்றேன், சரி. ஆனால் ஆவியாக்கியில் கடைசியாக மிஞ்சுவது பல உப்பும் அழுக்கும் கலந்த ஒரு கலவை. மிக்சட் சால்ட் என்போம். அது சாயத்துக்கும் ஆகாது, வேறெதற்கும் ஆகாது. மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்குகிறோம், தார்ப்பாய் போட்டு மூடுகிறோம். ஷெட் நிறைந்தால் இன்னொரு ஷெட்.

ஆற்றில் கரைத்துவிட்டதை மூட்டையில் கட்டியிருக்கிறோம், இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மழைக்காலம் வந்தால் ராத்திரி அந்தத் தார்ப்பாய் சத்தம் கேட்டாலே எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நான் ரிட்டையர் ஆகிப் போய்விடுவேன், மூட்டை இங்கேயேதான் இருக்கும்.

---

பஞ்சுமூட்டை | புதன், இரவு 10:20

அண்ணா, பெரியவன் இப்போது பாலிடெக்னிக் முடித்து, ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில்தான் டிரெயினியாகச் சேர்ந்திருக்கிறான். உங்கள் நிலையமா என்று தெரியாது. மூட்டை அடுக்கச் சொன்னால் கிளவுஸ் கொடுங்கள்.

---

நெறியாளர் | வியாழன், காலை 9:00

வாங்குபவர் யார், நிலம் எந்தச் சர்வே எண் என்று கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ரியல் எஸ்டேட் அன்பர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்.

---

தோட்டத்துக்காரன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:30

என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக.

டி.டி.எஸ்., அதாவது லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று பார்க்கிற பேனா மாதிரி ஒரு மீட்டர் வாங்கினேன். போரில் 3,460, கிணற்றில் 2,900. குடிநீருக்கு வேறு வழியே இல்லாத இடத்தில்கூட 2,000 வரைதான் அனுமதி. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். செம்மண்தான், மரத்தடி ஐயா. அடியில் கொஞ்சம் ஓடைமண் கலந்திருக்கிறது.

போன ஞாயிறு அந்தத் தம்பதி முன்பணத்தோடு வந்தார்கள். வாங்கி மாட்டிய அக்கா சொன்ன இளநீர் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா டீ போடப் போனார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு போர்த் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து அவர்கள் முன்னால் வைத்தேன், மீட்டரையும் விட்டுக் காட்டினேன். அணை, சாயம், செக் எல்லாம் சொன்னேன். அப்பா பாதியிலேயே எழுந்து தொண்டுப்பட்டிப் பக்கம் போய்விட்டார். அந்த சார் கிண்ணத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. போகும்போது அந்த அம்மாதான் என் அம்மாவின் கையைப் பிடித்து, "இவ்வளவு நாள் இதையா குடிச்சீங்க?" என்று கேட்டார்.

வாங்கவில்லை. சாயங்காலமே புரோக்கர் போன் பண்ணி, "படிச்சவன்னு நெனச்சேன்" என்று வைத்துவிட்டார்.

அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் காலையில் அவராகவே, "கொறங்காடுன்னியே, எந்தப் பக்கம் விடலாம்னு இருக்கற?" என்று கேட்டார். இன்னும் சமாதானம் ஆகவில்லை. அவருடைய கேள்வி நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் இப்போதும் பதில் கிடையாது. கெடுத்தவன் கொடுக்காத விலையை அவர் தலையில் கட்டியிருக்கிறேன்.

மேற்கால இரண்டரை ஏக்கரைக் கொறங்காடாக விடப் போகிறோம். மீதியில் குட்டையும் தக்கைப்பூண்டும். மகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு இரண்டு எண்களையும் எழுதியிருக்கிறாள். சித்திரையில் திரும்பப் பார்க்க வேண்டுமாம்.

கிளுவைப் போத்து எங்கே கிடைக்கும்? நர்சரியில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

---

காங்கேயம்_காளை | ஞாயிறு, இரவு 8:52

நர்சரியில் எங்க இருக்கும் மாப்ள. எங்க சித்தப்பா காட்டில் இன்னும் ரெண்டு பக்கம் பழைய வேலி நிக்குது, வெட்டும்போது சொல்றேன், டெம்போ கொண்டு வாங்க. கட்டைவிரல் தடிமன் இருந்தால்தான் துளிர்க்கும். நெருக்கமா நடணும், இல்லாட்டி ஆடு பூந்துரும்.

---

மரத்தடி | திங்கள், காலை 5:35

வெட்டியதும் நடாதீர்கள். நிழலில் சில நாள் போட்டு, வெட்டு வாய் காய்ந்ததும் நடுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் சோடியம் எண்ணை இங்கே போடுங்கள், ஜிப்சம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம்.